வீட்டுக்கு ஒரு பேட்ஜ்

"உடம்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிட்டா முடிஞ்சுது. யாரு வந்து நெத்தியைத் தொட்டுப் பாக்கப் போறாங்க?" என்றாள் மாமியார்.

மருமகள் சாப்பாட்டு மேஜைமேல் பழைய போர்வையை மடித்துப் போட்டு, இரண்டு கறுப்புச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே துணி, ஒரே தையல். பெரியது கணவனுடையது, சின்னது அவளுடையது. இன்று பிற்பகல் சின்னச் சட்டை கால்பந்து மைதானத்தின் நடுவில் விசிலோடு நிற்கும். பெரிய சட்டை கொடியைப் பிடித்துக்கொண்டு கோட்டோரமாக ஓடும். மாமியாருக்கு வயிறு எரிந்ததெல்லாம் அந்த ஓர் இடத்தில்தான்.

"இத்தனை வருஷமா அவன் அந்த பேட்ஜுக்காக நாயா அலையறான். அவன் முட்டிக்குத் தைலம் தேச்சுத் தேச்சு என் கையே தேஞ்சுபோச்சு. இப்ப நீ ஒரே தாவா தாவி மேல போய் உக்காந்துக்கிட்டா, அவன் நாலு பேர் முன்னாடி தலை நிமிந்து நடக்க வேணாமா? பொண்டாட்டி விசில் ஊதுவா, இவன் பின்னாடியே கொடியைத் தூக்கிட்டு ஓடுவானா?"

"நான் அவர் பின்னாடி கொடியைத் தூக்கிட்டு ஓடலையா அத்தை? அப்ப யாரு தலை குனிஞ்சாங்க?"

"அது வேற" என்றாள் மாமியார்.

எப்படி வேறு என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. அவளால் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே யாராலும் முடியாது. கேள்வியே அவர்களுக்கு விளங்கியிருக்காது.

கணவன் குளியலறைக்குள் இருந்தான். குளித்து முடித்து வெகுநேரமாகியும் குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவும் மனைவியும் வார்த்தை தடிக்கும்போது அவன் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிடுவது அந்த வீட்டில் எல்லோருக்கும் பழகிய சங்கதி. தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை என்று பிறகு இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளலாம். தண்ணீர் வீணாவதைப் பற்றித் தெருவுக்கே பாடம் எடுக்கும் அந்த மாமியார் இந்தத் தண்ணீரைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை.

அவன் பஸ் கம்பெனி ஒன்றில் டைம்கீப்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து நடுவர். நடுவர் வேலைக்குச் சம்பளம் கிம்பளம் எதுவும் கிடையாது. போக வர பஸ் செலவும் இடைவேளையில் ஒரு டீயும்தான். ஆனாலும் அந்த வட்டார நடுவர் சங்கத்தில் ஆளாளுக்கு ஒரு கிரேடு உண்டு. மூன்றாம் கிரேடு பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு விசில் ஊதும். இரண்டாம் கிரேடு தெரு அணிகளும் தொழிற்சாலை அணிகளும் மோதும் மண் மைதானங்களில் வசவு வாங்கும். முதல் கிரேடு என்றால்தான் புல் தரை, பார்வையாளர் காலரி, பெரிய அணிகள், சட்டைப்பையின்மேல் பித்தளை பேட்ஜ். அவன் இரண்டாம் கிரேடிலேயே பல வருஷங்களாக உட்கார்ந்திருந்தான். ஒரு வருஷம் ஓட்டச் சோதனையில் முட்டி காலை வாரியது. இன்னொரு வருஷம் எழுத்துத் தேர்வு. பிறகு மறுபடியும் முட்டி.

அவளை அந்த உலகத்துக்குள் இழுத்துவந்ததே அவன்தான். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டோர நடுவர் ஒருவர் வராமல் போக, வேடிக்கை பார்க்க வந்திருந்த மனைவியின் கையில் விளையாட்டாகக் கொடியைக் கொடுத்துவிட்டான். நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆட்டம் முடிந்தபோது சிரிக்கவில்லை. அவள் தூக்கிய கொடிகளில் ஒன்றுகூடத் தப்பில்லை. அந்தக் கதையை அவன் டீக்கடை டீக்கடையாகச் சொல்லிப் பூரித்தான். அவள் கொடி பிடித்தவரைக்கும் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் கைக்கு விசில் வந்தபோது கதை கொஞ்சம் சுருங்கியது. அவளும் இரண்டாம் கிரேடு ஆனபோது கதையைச் சொல்வதையே நிறுத்திவிட்டான்.

அவள் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவள். ஆட்டக்காரர்கள் அவளுக்கு 'ஊசி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அட்டை காட்ட வேண்டிய இடத்தில் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டாள் என்பதால் அந்தப் பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதுதான் சொல். வீட்டில் மாமியார் சொன்னதுதான் சொல். விசிலோடு நடுவில் நிற்கும் அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும்தான், அவள் கண்ணால் பார்த்தது பார்த்ததாகவே நிற்கும். இல்லை என்று எவன் கத்தினாலும் நிற்கும். முதல் கிரேடுக்கு அவள் ஆசைப்பட்டது அதற்காகத்தான். இன்னும் பெரிய மைதானத்தில், இன்னும் நிறையப் பேர் முன்னால், தன் கண்ணை நம்பி நிற்க வேண்டும். அந்தச் சங்கத்தில் பெண் ஒருத்தி அந்த இடத்துக்குப் போனதில்லை.

இந்த வருஷம் முதல் கிரேடில் காலி இருந்தது ஓர் இடம். ஓட்டச் சோதனையிலும் எழுத்துத் தேர்விலும் தேறியவர்கள் கணவனும் மனைவியும் மட்டும். இரண்டிலும் அவள்தான் முந்தி. மிச்சமிருந்தது ஒரு பெரிய ஆட்டம். ஆளுக்கு ஒரு ஆட்டத்தை நடத்திக் காட்ட வேண்டும்; மதிப்பீட்டாளர் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடுவார். இந்த வாரம் அவள் ஆட்டம், அடுத்த வாரம் அவன் ஆட்டம். சங்கச் செயலாளர் சிக்கனமான மனிதர். ஒருவர் ஆட்டத்துக்கு மற்றவரையே கோட்டோர நடுவராகப் போட்டுவிட்டார். ஒரே வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

கடைசியில் குழாய் நின்றது. தலையைத் துவட்டிக்கொண்டு வந்த கணவனிடம் அவள் நேராகவே கேட்டாள். "நான் போக வேணாமா? நீங்க சொல்லுங்க."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றான் அவன்.

"அப்ப போகலாமா?"

"சட்டை சூடா இருக்கு, கொஞ்சம் ஆறட்டும்" என்று சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தான். பட்டும் படாமலும் பேசுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. பஸ்ஸில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். இறங்கும்வரை அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

மைதானத்தில் நடுவர்களுக்கு ஒரே அறை. அது ஆண்களுக்கானது. அவள் உடை மாற்றுவது எப்போதும் பக்கத்திலிருந்த சாமான் அறையில்தான். கிழிந்த கோல் வலைகள், சுண்ணாம்பு மூட்டைகள், உடைந்த பெஞ்சு ஒன்று, மூலையில் எலிப்பொறி. அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வழக்கமாகக் கணவன் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்வான். அன்றைக்கு அவன் நேராக ஆண்கள் அறைக்குப் போய்விட்டான். அவள் ஒரு சுண்ணாம்பு மூட்டையை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்து உடை மாற்றினாள். கறுப்புச் சட்டையின் ஓரத்தில் வெள்ளை படிந்துவிட்டது. தட்டித் தட்டிப் பார்த்தாள், போகவில்லை.

மதிப்பீட்டாளர் காலரியில் குடை நிழலில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் பேர்போன நடுவர். ஓய்வுபெற்ற பிறகும் எல்லோரும் அவரைப் 'பெரிய விசில்' என்றுதான் சொல்வார்கள். அவள் போய் வணக்கம் சொன்னபோது தலையை அசைத்துவிட்டு, வீட்டுக்காரர் வரவில்லையா என்று விசாரித்தார்.

ஆட்டம் நன்றாகவே போனது. உள்ளூர் அணிக்கும் வெளியூர் அணிக்கும் பழைய பகை. முதல் பாதியில் அவள் இரண்டு மஞ்சள் அட்டை காட்டினாள். அதோடு கைகலப்பு அடங்கியது. காலரியிலிருந்து வந்த பேச்செல்லாம் அவள் காற்சட்டையைப் பற்றியும் சமையலைப் பற்றியும்தான். அவை அவளுக்குப் பழக்கம். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில்தான் அது நடந்தது. ஆளுக்கு ஒரு கோல் போட்டிருந்த நிலையில், உள்ளூர் அணி மொத்தமும் எதிர்ப்பக்கக் கோலை முற்றுகையிட்டிருந்தது. பின்னால் காவலுக்கு ஒருவனைக்கூட விடவில்லை. வெளியூர் அணியின் ஒல்லிப் பையன் மட்டும் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம், தன் அணியின் பாதியில், பந்து வருமா என்று நின்றிருந்தான். பந்து வந்தது. அவன் நடுக்கோட்டைத் தாண்டி அதை வாங்கிக்கொண்டு வெறும் மைதானத்தில் ஓட ஆரம்பித்தான். எதிரணிக் காவலர்களைத் தாண்டி முன்கூட்டியே நின்று பந்தை வாங்கினான் என்று கோட்டோரத்தில் கணவனின் கொடி உயர்ந்தது. ஆஃப்சைடு.

பந்தை உதைக்கிற நேரத்தில் தன் பாதிக்குள் நிற்கும் ஆட்டக்காரன் ஒருநாளும் ஆஃப்சைடு ஆக மாட்டான். கொடியைத் தொடுகிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் விஷயமே அதுதான். அவளுக்கு அதைச் சொல்லித்தந்தவனே கணவன்தான். பந்து கிளம்பியபோது அவள் பார்வை நடுக்கோட்டில்தான் இருந்தது. பையனின் இரண்டு காலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தன. கோடு அவனுக்கு முன்னால் வெள்ளையாகக் கிடந்தது. நடுக்கோட்டுக்கு நேராக நின்றிருந்த கணவனுக்கு அது இன்னும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் விசிலை ஊதவில்லை. ஆட்டம் தொடரட்டும் என்று கையை வீசினாள். பையன் கோல் போட்டான்.

மைதானம் கொந்தளித்தது. உள்ளூர் ஆட்டக்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு கொடியைக் கொடியைக் காட்டினார்கள். கொடி இன்னும் இறங்கவில்லை. நடுவர் ஆட்டத்தைத் தொடர விட்டுவிட்டால் கொடியை இறக்கிவிட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. காலரியில் யாரோ ஒருவன் ஆரம்பித்தான், பிறகு கும்பலே சேர்ந்து பாட்டாகப் பாடியது: "புருஷன் சொல்றதைக் கேளு! புருஷன் சொல்றதைக் கேளு!"

அவள் கணவனிடம் நடந்து போனாள். அப்படிப் போய்க் கேட்பதுதான் முறை. அத்தனை கண்களும் கூடவே வந்தன.

"பந்தை உதைக்கிறப்ப அவன் எந்தப் பாதியில நின்னான்?" என்று கேட்டாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. "ஆஃப்சைடு குடுத்துடு. எல்லாரும் பாக்கறாங்க."

"எந்தப் பாதியில நின்னான்?"

"வீட்டுல போய்ப் பேசிக்கலாம்" என்றான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் கண் தவறவில்லை. தெரிந்தேதான் கொடியைத் தூக்கியிருக்கிறான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒளிந்துகொள்ளும் மனிதனுக்கு நேராக நின்று வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை. கொடியைத் தூக்க மட்டும் தைரியம் வந்திருக்கிறது.  ஆனாலும் அவள் குரல் மாறவில்லை.

"கொடியை இறக்குங்க" என்றாள்.

அவன் இறக்கினான். அவள் கோல் என்று நடுவட்டத்தைக் காட்டினாள். மீதி ஆட்டத்தை ஒரு குறையும் இல்லாமல் முடித்தாள். வெளியே போகும்போது காலரியிலிருந்து ஒரு தண்ணீர்ப் பாட்டில் வந்து அவள் முதுகில் பட்டது.

ஆட்டம் முடிந்ததும் மதிப்பீட்டாளர் நடுவரை உட்காரவைத்து நிறைகுறைகளைச் சொல்ல வேண்டும். பெரிய விசில் ஆண்கள் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றியிருந்த ஆண்கள் சிலர் உள்ளே இருந்ததால் அவள் வாசலிலேயே நின்றாள். அவர் கணவனைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து அவனிடம் பேச ஆரம்பித்தார்.

"கோல் சரிதான் தம்பி. பையன் அவன் பாதியிலதான் நின்னான், நான் பாத்தேன். தீர்ப்புல தப்பு சொல்ல மாட்டேன். ஓட்டமும் நல்லா இருக்கு. ஆனா கூட வேலை செய்யறவங்களை அத்தனை கூட்டத்துல விட்டுக்குடுத்தது சரியில்லை. கொடியை இறக்குன்னு நேருக்கு நேரா சொல்றதா? புருஷன் கொடியையே மதிக்காதவங்க நாளைக்கு வேற யார் கொடியை மதிப்பாங்க? ஒத்துழைப்புல நான் கை வைக்க வேண்டியதாப் போச்சு. வீட்டுல பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

கேட்கவேண்டியவள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். கணவன் அப்போதாவது, தப்பு என்னுடையது, கொடியை நான் தூக்கியிருக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தான்.

"கொஞ்சம் பிடிவாதக்காரி சார். மத்தபடி நல்லவதான்."

வீட்டுக்கு வந்து அவர்கள் எதையும் பேசிக்கொள்ளவில்லை. மைதானத்தில் நடந்தது மாமியாருக்கு அவர்கள் பஸ் இறங்குவதற்கு முன்பே தெரிந்திருந்தது. அவள் மகனுக்கு மட்டும் டீ போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் கணவனின் ஆட்டம். போகவேண்டாம் என்று இந்த முறை யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவள் போய்க் கொடி பிடித்துத்தான் ஆகவேண்டும். வேறு ஆள் இல்லை. நினைத்திருந்தால் அவனைக் கவிழ்க்க அவளுக்கு எத்தனையோ வழி இருந்தது. முட்டி வலியில் அவன் பந்துக்கு வெகுதூரம் பின்தங்கும் போதெல்லாம் அவள் கொடியால் ஜாடை காட்டிக் காப்பாற்றிக்கொண்டே வந்தாள். கொடியைக் கையில் எடுத்துவிட்டால் அவளுக்கு வேறு மாதிரி இருக்கத் தெரியாது.

இரண்டாம் பாதியில் உள்ளூர் அணி ஒரு கோல் போட்டது. போட்டவன் காவலர் எல்லோரையும் தாண்டித் தனியாக நின்று பந்தை வாங்கினான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆஃப்சைடு என்று சொல்லிவிடலாம். அவள் கொடியைத் தூக்கினாள். கணவன் கொடியைப் பார்த்தான். விசிலை வாயருகே கொண்டுபோனான். ஊதவும் போனான்.

"பொண்டாட்டிக்குப் பயந்துக்காதேண்ணே" என்று காலரியிலிருந்து ஒரு குரல். ஒரே சிரிப்பு.

விசிலைக் கீழே இறக்கிவிட்டு அவன் கோல் என்று கையை நீட்டினான். அவளைப் பார்த்துக் கொடியை இறக்கு என்று உள்ளங்கையை ஆட்டினான். அவள் அந்தக் கணமே இறக்கினாள். அதுதான் விதி. காலரி எழுந்து நின்று கைதட்டியது.

அன்றைக்கு ஆண்கள் அறைக்கதவு திறந்தே இருந்தது. சாமான் அறையில் சுண்ணாம்பு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவளுக்குப் பெரிய விசிலின் குரல் கணீரென்று கேட்டது.

"அது ஆஃப்சைடுதான் தம்பி. தீர்ப்பு தப்பு. அது யாருக்கும் வரும், எனக்கே வந்திருக்கு. ஆனா நின்னீங்க பாருங்க, அதுதான் ஆளுமை. சொந்த மனைவியே கொடியைத் தூக்கறாங்க, நீங்க அசையலை. இப்படி ஆளுதான் பெரிய மைதானத்துக்கு வேணும்."

அவள் காலுறையை மடித்துப் பைக்குள் வைத்தாள். போன வாரம் அவள் சரியாகச் சொல்லிக் கொடியை இறக்கச் சொன்னாள், அது ஆணவம். இந்த வாரம் அவன் தப்பாகச் சொல்லிக் கொடியை இறக்கச் சொன்னான், அது ஆளுமை. பெரிய விசில் நேர்மையான மனிதர் என்று பேர் வாங்கியவர். காசு வாங்கிக்கொண்டு தீர்ப்பு மாற்றியதாக எதிரிகூடச் சொன்னதில்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார் என்பதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. லஞ்சம் வாங்குகிறவனையாவது ஒருநாள் பிடித்துக் கொடுத்துவிடலாம்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது கணவனே பேச்சை எடுத்தான். "உன் கொடியைப் பாத்தேன். ஆஃப்சைடுன்னும் தெரியும். ஊதத்தான் போனேன். அந்த நேரம் ஊதியிருந்தா ஊரே கைகொட்டிச் சிரிச்சிருக்கும்."

"சிரிச்சா?"

அவன் யோசித்தான். மோசமான மனிதன் இல்லை அவன். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருப்பவன்தான். "என்னால தாங்க முடியாது" என்றான்.

"என் முதுகுல பாட்டில் பட்டுச்சே, நான் தாங்கலையா?"

பஸ் வந்துவிட்டது. அவன் முதலில் ஏறினான்.

முடிவு வெளிவந்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. செயலாளர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். வருத்தப்படக் கூடாது என்று அவளிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசினார். யார் சட்டையில் இருந்தால் என்ன, பேட்ஜ் ஒரே வீட்டு அலமாரியில்தானே தொங்கப்போகிறது, வீட்டுக்கு ஒன்று போதாதா என்பது அவர் வாதம். மாமியார் அன்று முழுக்க மருமகளிடம் தேன் ஒழுகப் பேசினாள். ஆஸ்பத்திரியில் நிற்கும் கால் வலிக்குமே என்று தைலத்தைக்கூட எடுத்து நீட்டினாள்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வாடகை மண்டபம் ஒன்றில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், கீச்சென்று கத்தும் மைக், ஓரத்தில் டீ மேஜை. முதல் கிரேடு பெற்றவரின் சட்டையில் அவர் மனைவி வந்து பேட்ஜைக் குத்திவிடுவது அந்தச் சங்கத்தின் நெடுநாள் வழக்கம். கல்யாணமாகாதவனுக்கு அம்மா குத்துவாள். பெண்ணொருத்தி பேட்ஜ் வாங்கினால் யார் குத்துவது என்று அந்த மண்டபத்தில் ஒருவரும் யோசித்ததில்லை. யோசிக்க அவசியமும் வந்ததில்லை.

செயலாளர் மைக்கில் அவளைக் கூப்பிட்டார். சென்ற வருஷங்களில் வந்த மனைவிமார்களைப் போல அல்ல, இவர் விஷயம் தெரிந்தவர், விட்டுக்கொடுத்தவர் என்று புகழ்ந்தார். மாமியார் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மருமகள் மேடையேறி பேட்ஜைக் கையில் வாங்கினாள். கணவன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அவர்களுக்கு நடுவில் மைக் இருந்தது.

"ஒரே ஒரு கேள்விங்க. பதில் சொல்லிட்டீங்கன்னா குத்திடறேன்" என்றாள்.

மண்டபம் சிரித்தது. ஏதோ கணவன் மனைவிக் கொஞ்சல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"தன் பாதிக்குள்ள நிக்கிறவன் ஆஃப்சைடா?"

சிரிப்பு முன்வரிசையில் முதலில் நின்றது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நடுவர்கள். எந்த ஆட்டம், எந்தக் கொடி என்று ஒருவருக்கும் சொல்லவேண்டிய அவசியமில்லை. பெரிய விசில் டீ கோப்பைக்குள் எதையோ தேடினார்.

"இங்க எதுக்கு இதெல்லாம்?" என்று கணவன் முணுமுணுத்தான். அவள் காத்திருந்தாள். மைதானத்தில் காத்திருந்த மாதிரியே, அவசரம் எதுவும் இல்லாமல் நின்றாள். அவன் நெற்றியில் வேர்வை அரும்பியது.

"இல்ல" என்றான்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"இல்ல. ஆஃப்சைடு இல்ல."

அவள் பேட்ஜைக் குத்தினாள். தினமும் நூறு கைகளில் ஊசி குத்துகிறவள். சட்டை கசங்காமல், உடம்பில் படாமல், நேராகக் குத்தினாள். அவன் மேல் அவளுக்கு அந்தக் கணத்தில் கோபம்கூட இல்லை. இந்தச் சின்ன பதிலைச் சொல்ல ஒரு மனிதனுக்கு இவ்வளவு வேர்க்கிறதே என்ற கசப்பு மட்டும் இருந்தது.

 செயலாளர் அனுபவசாலி. மைக்கைப் பாய்ந்து பிடித்து, "பாத்தீங்களா, முதல் கிரேடுக்கு வீட்டம்மாவே கடைசிப் பரீட்சை வச்சுட்டாங்க. நம்மாளு பாஸ் பண்ணிட்டாரு!" என்றார். அப்பாடா என்று எல்லோரும் சிரித்தார்கள். மண்டபமே அதிரும்படி கைதட்டினார்கள். பெரிய விசிலும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். மாமியார் பக்கத்துப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னாள்: "அவனைச் சீண்டாம இருக்க மாட்டா. அவ்வளவு பிரியம்."

மருமகள் மேடையிலிருந்து இறங்கி, பிறகு டீ மேஜையருகே நின்றிருந்த செயலாளரிடம் போனாள். அடுத்த வருஷத் தேர்வுக்குத் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள்.

செயலாளர் தலையைச் சொறிந்தார். "சேத்துக்கலாம்மா, அதுக்கென்ன. ஆனா இந்தக் கூட்டத்துலதான் புதுசா ஒரு விதி போட்டிருக்கோம். உன் ஆட்டத்துல நடந்த கசப்பை வச்சுத்தான். இனிமே தேர்வுக்கு வர்றவங்களுக்கு, கூட வேலை செஞ்ச முதல் கிரேடு நடுவர் ஒருத்தர், இவங்க ஒத்துழைப்பானவங்கன்னு எழுதிக் குடுக்கணும்." சொல்லிவிட்டு அவர் முகம் மலர்ந்தது. "உனக்கென்னம்மா கவலை? வீட்டுலயே ஒருத்தர் இருக்காரே."

அவள் திரும்பிப் பார்த்தாள். மேடையில் கணவனைச் சுற்றி நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். போட்டோ எடுக்க அவன் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டான்.

"வேற முதல் கிரேடு யாரெல்லாம் இருக்காங்க சார்?" என்று அவள் செயலாளர் பக்கம் திரும்பினாள்.

"எதுக்கும்மா வீணா ஒவ்வொருத்தர் பின்னாடியும் அலைஞ்சுக்கிட்டு?"

"ஒவ்வொருத்தர் ஆட்டத்துக்கும் போய்க் கொடி பிடிக்கிறேன். அவங்க தப்பா ஊதினா தப்புன்னு கொடியைத் தூக்குவேன். அதுக்கு அப்புறமும் எழுதிக் குடுக்கற ஒருத்தர் கிடைக்கறவரைக்கும் போறேன். பேரைச் சொல்லுங்க."

செயலாளர் மனமில்லாமல் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அவர் சொன்ன அத்தனை பேரும் சற்றுமுன் அந்த மண்டபத்தில் கைதட்டியவர்கள்தான். அவள் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள்.